எட்டுத் துண்டாக ஒரு நாவல்

எங்கள் வாசகர் வட்டத்தில் மொத்தம் எட்டுப் பேர். அதில் ஏழு பேருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி செய்து கொடுத்தவன் நான். அந்தக் கண்ணாடிகள் எதற்குப் பயன்படுகின்றன என்பதும் எனக்குத் தெரியும்: செல்போன் பார்க்க, மாத்திரை அட்டையில் தேதி பார்க்க, கூட்டத்தில் ஒருவரை மடக்குவதற்கு முன்னால் மெதுவாகக் கழற்றி மடியில் வைக்க. புத்தகம் படிக்க வேண்டும் என்று சொல்லி யாரும் வாங்கிப்போனதாக நினைவில்லை. எட்டாவது ஆளான நானும் அந்த லட்சணம்தான். கடையில் நாள் முழுக்க எழுத்துப் பலகையைக் காட்டி ஊரையே படிக்க வைக்கிறவன், மாலையில் வீட்டுக்குப் போய் எதையும் படிப்பதில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறு, மாலை நான்கு மணிக்குக் கூட்டம். இடம், பல் டாக்டர் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறை. சுவரில் ஈறு நோயின் நான்கு நிலைகள் வண்ணப் படமாகத் தொங்கும். அதற்குக் கீழேதான் எங்கள் இலக்கியம். இந்த வருடத் தொடருக்கு ‘மறக்க முடியாத பாத்திரங்கள்’ என்று பெயர். நம் வட்டார எழுத்தாளர் ஒருவர், அவர் படைத்த பாத்திரம் ஒன்று, ஒன்றரை மணி நேரச் சண்டை. கடைசியில் கை தூக்கி ஓட்டெடுப்பு: இந்தப் பாத்திரத்தை மறக்கலாமா, கூடாதா? இதுவரை ஐந்து பேரை மறக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். அந்த ஐந்து பேர் யார் என்று கேட்டால் தீர்மான நோட்டைப் புரட்டித்தான் சொல்ல வேண்டும்.

ஆறாவது மாதம் எங்கள் தலைவர் கவலையோடு வந்தார். அவர் டயர்க்கடைக்காரர், இலக்கியத்தையும் அதே கணக்கில்தான் பார்ப்பார்.

“வட்டார எழுத்தாளர் ஸ்டாக் தீர்ந்துபோச்சே. ஆமா, கண்ணாடிக்காரரே, உங்க மச்சான் ஒரு நாவல் எழுதினார்ல?”

எழுதினார். என் மனைவியின் அண்ணன். குடிநீர் வாரியத்தில் முப்பது வருடம் தெருத்தெருவாகப் போய் வால்வு திறந்தவர். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்பது அவர் மணிக்கட்டில் இருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ‘மூன்றாம் வால்வு’ என்று ஒரு நாவல் போட்டார். முந்நூறு பிரதிகள். விற்றது போக மீதியெல்லாம் அச்சகத்துக் கிடங்கில் கூரை ஒழுகி நனைந்து கூழாகிவிட்டன. ஆயுளெல்லாம் தண்ணீர் விட்டவருக்குத் தண்ணீர் செய்த கைம்மாறு. அவரிடமே ஒரு பிரதி இல்லை. மிச்சம் இருந்தது என் வீட்டு அலமாரியில் ஒன்று. முதல் பக்கத்தில் அவர் கையெழுத்தில், ‘என் முதல் வாசகர் மாப்பிள்ளைக்கு’.

முதல் வாசகர் அதைப் படிக்கவே இல்லை. பின்னட்டையில் பதினோரு வரி இருந்தது. அந்தப் பதினோரு வரியை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஓட்டினேன்.

“படிச்சீங்களா மாப்பிள்ளை?”

“அருமை மச்சான்.”

“எந்த இடம் பிடிச்சுது?”

“எதைச் சொல்ல, எதை விட?”

அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். என்ன ஒரு சாமர்த்தியம் எனக்கு என்று நானும் சிரித்துக்கொள்வேன்.

புத்தகத்தைக் கொண்டுபோய்த் தலைவர் கையில் கொடுத்தேன். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இருநூற்று ஐம்பத்தாறு பக்கம். எட்டுப் பேர். எட்டால் சரியாக வகுபட்டது. அந்தக் கணக்கு சரியாக வராமல் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“ஆளுக்கு முப்பத்திரண்டு பக்கம்” என்றார். “அவங்கவங்க துண்டை அவங்கவங்க படிச்சுட்டு வரணும். கூட்டத்துல சேர்த்துக்கலாம்.”

“ஜெராக்ஸ் எடுக்கலாமே சார்” என்றார் பல் டாக்டர்.

“முழுசா கொடுத்தா முழுசா படிக்காம விடுவாங்க. முப்பத்திரண்டு பக்கம்னா எவனுக்கும் சாக்கு இருக்காது.”

சொல்லிக்கொண்டே டியூப் வெட்டும் கத்தியை எடுத்தார். நான் என்ன செய்தேன்? “அருமையான யோசனை” என்றேன்.

வீட்டில் இது அவ்வளவு அருமையாகப் போகவில்லை.

“எங்க அண்ணன் புத்தகத்தை வெட்டினீங்களா?”

“நான் வெட்டலை. டயர்க்கடைக்காரர்தான் வெட்டினார்.”

“நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“பிடிச்சுக்கிட்டேன்.”

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“ஒண்ணு கேட்டுக்கோங்க. அண்ணன் ரெண்டாவது நாவலை முடிச்சு வச்சிருக்கார். பன்னெண்டு வருஷ எழுத்து. இந்தக் கூட்டத்துல ஒரே ஒரு ஆள் முதல் புத்தகத்தை நிஜமா படிச்சிருக்கார்னு தெரிஞ்சா போதும், இதை வெளியில எடுப்பாராம். இல்லேன்னா அவ்வளவையும் பழைய பேப்பர்ல போட்டுடுவாராம். சொன்னா செய்வார்.”

“நீ படிச்சிருக்கியே.”

“தங்கச்சி படிச்சது கணக்குல சேராதாம். அதான் உங்களைச் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் படிச்சிருக்காரேன்னு.”

“அதுக்கு என்ன சொன்னார்?”

“சிரிச்சார்.”

எனக்கு வந்தது ஐந்தாவது துண்டு. நூற்று இருபத்தொன்பது முதல் நூற்று அறுபது வரை. கூட்டத்துக்கு முந்தின நாள் கடையில் கூட்டம் குறைந்த பதினொரு மணிக்குப் பிரித்தேன். கதையில் வால்வுக்காரன் ஒருவன், அவனுக்கு ஒரு தங்கை, தங்கைக்கு ஒரு புருஷன். புருஷன் கடிகாரக் கடை வைத்திருக்கிறான். நூற்று முப்பத்து நான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது:

‘கடிகாரக் கடைக்காரனிடம் எதைக் காட்டினாலும் முதலில் தலையை இடப்பக்கம் சாய்ப்பான். பிறகு அருமை என்பான். ஒருநாள் அடிப்பாகம் உடைந்த வாளி ஒன்றைக் கொண்டுபோய் அவன் மேசைமேல் வைத்தேன். தலையைச் சாய்த்தான். அருமை என்றான்.’

அந்த வாளி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பச்சை வாளி.

படிக்கப் படிக்கக் காது சூடேறியது. மூன்று பேர் கண்ணாடி வாங்க வந்தார்கள். மூன்று பேரையும் நாளைக்கு வரச் சொன்னேன். என் நடை இருந்தது. பேச்சில் மாட்டிக்கொண்டால் மேசை விளக்கைத் துடைக்கிற என் வழக்கம் இருந்தது. எதிராளி பேசி முடிப்பதற்குள் தலையாட்டி முடித்துவிடும் என் அவசரம் இருந்தது. வேறு யாருக்காவது இப்படி ஒரு மச்சான் வாய்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். நூற்று அறுபதாம் பக்கத்தில் தங்கைக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பிழைப்பாளா, சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். கடைக்குச் செய்தி வருகிறது. கடைசி வரிகள்:

‘கடையைப் பூட்டினான். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான். ஆஸ்பத்திரி இருந்தது வலப்பக்கம். அவன்’

அவ்வளவுதான். அதற்கு மேல் டயர்க்கடைக் கத்தி.

எங்கள் பெண் பிறந்த அன்று நான் கடையைப் பூட்டிவிட்டு எந்தப் பக்கம் போனேன் என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஊருக்கும் மனைவிக்கும் நான் சொன்னது, ஆஸ்பத்திரியில் கிடைக்காத மருந்து ஒன்றைத் தேடிக் கடை கடையாக அலைந்தேன் என்பது. மருந்தின் பெயரைக்கூட அப்போதே யோசித்து வைத்திருந்தேன்.

ஆறாவது துண்டு எங்கள் வட்டத்துப் பேராசிரியரிடம் இருந்தது. போன் போட்டேன்.

“சார், உங்க துண்டை ஒரு பத்து நிமிஷம் கொடுத்தீங்கன்னா பார்த்துட்டுத் தந்துடறேன்.”

“ஆய்வுல இருக்கு” என்றார். “பிரதியோட உரையாடிட்டு இருக்கேன். நடுவுல வேற ஆள் வரக்கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை மச்சான் எல்லோருக்கும் முன்னால் வந்து, இஸ்திரி போட்ட சட்டையில், ஈறு நோயின் மூன்றாம் நிலைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். தன் புத்தகம் கிளிப் போட்ட துண்டுகளாக ஒவ்வொரு மடியாகப் போவதைப் பார்த்தார். ஒரு துண்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

“பரவாயில்லையே. கனமே தெரியலை” என்றார்.

தலைவர் முதல் துண்டைத் தூக்கிக் காட்டினார். “முதல் பக்கத்துல என்ன எழுதியிருக்கு பாருங்க! என் முதல் வாசகர் மாப்பிள்ளைக்கு! அந்த முதல் வாசகர் யாரு? நம்ம கண்ணாடிக்காரர்! கை தட்டுங்கப்பா!”

தட்டினார்கள். மச்சானும் தட்டினார். நான் பக்கத்திலிருந்த மீன் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்தேன்.

பிறகு விவாதம் ஆரம்பித்தது.

“வால்வுக்காரன் ஒரு குடிகாரன்” என்றார் தலைவர். “நான் படிச்சவரைக்கும் விடிஞ்சதுலேருந்து குடிதான். இவனை எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்?”

இன்சூரன்ஸ் அம்மாவுக்கு மூன்றாவது துண்டு. விட்டாரா? “என்ன சார் அபாண்டமா பேசறீங்க? அந்த மனுஷன் பச்சைத் தண்ணியைத் தவிர வேற எதையும் தொடறதில்லை. தங்கமான ஆளு.”

“எத்தனாம் பக்கத்துல?”

“என் பக்கம் முழுக்கத்தான்!”

நடுவில் இரண்டாவது துண்டில் அவன் குடியை விட்டிருக்கிறான். அந்தத் துண்டை வைத்திருந்தவர் வெளியூர்ப் பயணம் போயிருந்தார். துண்டும் கூடவே போயிருந்தது. அதனால் ஒரு மனிதன் திருந்தின செய்தி எங்கள் வட்டத்துக்குக் கடைசிவரை வந்து சேரவில்லை.

“என்னோடதுல அவன் வரவே இல்லையே” என்றார் பல் டாக்டர் பாவமாக. “முப்பத்திரண்டு பக்கமும் ஒரு குழாய் வெடிச்சதைப் பத்திதான். ஆனா வர்ணனை நல்லா இருந்தது. சீழ் வர்றது மாதிரியே எழுதியிருக்கார்.”

ஏழும் எட்டும் ஒரு கணவன் மனைவிக்கு. முடிவை யார் படிப்பது என்று சண்டை போட்டு இரண்டு பேருமே படிக்கவில்லை.

மச்சான் யார் பேசினாலும் அவர் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை முட்டிமேல் இருந்தது. ஒவ்வொருவர் பேச ஆரம்பிக்கும்போதும் அந்தக் கை மெதுவாக இடப்பக்கம் சுழலும், வால்வு திறப்பதுபோல. பேசி முடித்ததும் திரும்பிவிடும்.

அடுத்து நான் பேச வேண்டிய முறை. பேராசிரியர் பொறுக்காமல் எழுந்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது. அந்த நன்றி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

“நீங்க எல்லாரும் வால்வுக்காரனைப் பேசறீங்க. இந்த நாவலோட மையம் கடிகாரக் கடைக்காரன்” என்று கண்ணாடியைக் கழற்றினார். “அவன் ஆஸ்பத்திரிக்குப் போகலை. நூத்தி அறுபத்தஞ்சாம் பக்கத்துல பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழையறான்.”

நான் மீன் தொட்டியை மறுபடி துடைக்க ஆரம்பித்தேன்.

“அதுக்கப்புறம் நேரா நூத்தி அறுபத்தெட்டு! நடுவுல ரெண்டு பக்கம். அந்த ரெண்டு பக்கத்தையும் ஆசிரியர் மூடி வச்சிருக்கார். பாருங்க, ரெண்டு தாளும் ஓரத்துல சேர்ந்தே இருக்கு. பஸ் ஸ்டாண்டுல என்ன நடந்ததுன்னு நமக்குச் சொல்ல மறுக்கிறார். இது மௌனம். அச்சிடப்பட்ட மௌனம்! இந்த உத்தியை நான் வேற எங்கேயும் பார்த்ததில்லை.”

மச்சான் கழுத்தை நீட்டி அந்தத் தாளைப் பார்த்தார்.

இன்சூரன்ஸ் அம்மா எட்டி அந்தத் துண்டை வாங்கினார். விரலால் ஓரத்தைத் தடவினார். அவர் மனுக்களிலும் படிவங்களிலும் பிழைப்பு நடத்துகிறவர். தாள் என்றால் என்ன என்று தெரிந்தவர்.

“மௌனமும் இல்லை, ஒண்ணும் இல்லை சார். அச்சாபீஸ்ல ஓரம் வெட்டாம விட்டுட்டாங்க. வாங்கினவங்க ஒரு பிளேடு வச்சுக் கிழிச்சிருந்தா வந்திருக்கும். இதை யாரும் இதுவரைக்கும் படிக்கவே...”

அவர் பாதியில் நிறுத்திவிட்டார். எல்லோருடைய பார்வையும் தலைவர் மடியிலிருந்த முதல் துண்டுக்குப் போனது. என் முதல் வாசகர் மாப்பிள்ளைக்கு. அங்கிருந்து என்னிடம் வந்தது. அத்தனை கண்ணாடியும் நான் செய்தது. அன்றைக்கு எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது.

“அது நான் கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்” என்றார் மச்சான் அவசரமாக. “என் தப்பு. நான் பிரிச்சுக் கொடுத்திருக்கணும்.” முட்டிமேல் இருந்த கை நின்றுவிட்டது. “நல்லா பேசினீங்க எல்லாரும். ரொம்ப சந்தோஷம். நான் கிளம்பட்டுமா?”

எழுந்துவிட்டார். அவர் சட்டையின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை. பன்னிரண்டு வருட எழுத்து பழைய பேப்பர்க்காரனின் தராசில் ஏறி உட்காருவது எனக்குக் கண்முன்னால் தெரிந்தது.

“உட்காருங்க மச்சான்” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். இன்சூரன்ஸ் அம்மா கையிலிருந்த துண்டைப் பிடுங்கினேன். “டாக்டர், ஒரு கத்தி கொடுங்க.”

“என்ன கத்தி?”

“எதையாவது கொடுங்க சார்!”

உள்ளே போய் ஈறு கிழிக்கிற கத்தி ஒன்றைக் கொண்டுவந்தார், உறை பிரிக்காதது. அதைக்கொண்டு ஓரத்தைக் கீறினேன். இருபத்திரண்டு வருடம் மூடிக் கிடந்த இரண்டு பக்கம் ஒரு சின்னச் சத்தத்தோடு திறந்தது. நின்றபடியே படித்தேன். மச்சானோடு சேர்த்து ஏழு பேர் காத்திருந்தார்கள். மீன் தொட்டி மட்டும் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

‘இரும்பு பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். எந்தப் பஸ்ஸிலும் ஏறவில்லை. ஒவ்வொரு பஸ் கிளம்பும்போதும் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். கைக்குட்டை கொண்டுவரவில்லை, கடிகாரம் துடைக்கிற மஞ்சள் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் ஓடப்போகிறான் என்றுதான் பின்னாலேயே வந்தேன். பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம் என்று வந்தேன். பயந்தவனை இழுத்துப்போய் என்ன ஆகப்போகிறது? பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அவன் எழுந்து ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் திரும்பியபோது நானும் எழுந்தேன். அவனைவிட நான்கு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். எங்கே போயிருந்தாய் என்று என்னைத்தான் எல்லோரும் திட்டினார்கள்.’

உண்மை. அன்றைக்கு அவரைத் திட்டினார்கள். நானும்தான் திட்டினேன். தங்கச்சி இந்த நிலைமையில் கிடக்கும்போது எங்கே ஊர் சுற்றப் போனீர்கள் என்று கேட்டவனே நான்தான். மருந்து தேடி அலைந்த களைப்பில்.

“எப்படி இருக்கு?” என்றார் தலைவர் மெதுவாக.

என் தலை இடப்பக்கம் சாய ஆரம்பித்தது. பிடித்து நேராக்கினேன்.

“நல்லா இல்லை” என்றேன்.

மச்சான் நிமிர்ந்தார்.

“இரும்பு பெஞ்ச்னு எழுதியிருக்கீங்க. தப்பு. சிமெண்ட் பெஞ்ச்.”

“சிமெண்ட் பின்னாடி போட்டாங்க மாப்பிள்ளை. அப்ப இரும்பு.”

“உட்கார்ந்தது நானா நீங்களா?”

“நானும்தான் உட்கார்ந்தேன். என்னோடது இரும்பு.”

“உங்களோடது இரும்பா இருந்திருக்கலாம். என்னோடது சிமெண்ட். ஜில்லுனு இருந்தது. அப்புறம் மூணு மணி நேரம் எல்லாம் இல்லை. ரெண்டே முக்கால்.”

“அதுக்கு முன்னால வாசல்ல கால் மணி நேரம் நின்னீங்களே, அதை யார் கணக்குல சேர்க்கிறது?”

“அதை நீங்க எழுதவே இல்லையே!”

“எழுதினேன். நூத்தி அறுபத்தஞ்சுல இருக்கு. படிங்க.”

பார்த்தேன். இருந்தது.

மச்சான் உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று குனிந்து பார்த்தேன். சிரிப்புதான், ஆனால் கண்ணைத் துடைக்கத் துணி தேடினார். என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற மஞ்சள் துணியைக் கொடுத்தேன்.

“புத்தகம் வந்த புதுசுல” என்றார், “ஒவ்வொரு ஞாயிறும் நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு வாசலையே பார்த்துட்டு இருப்பேன். சட்டையைப் பிடிப்பீங்க, என்ன பதில் சொல்றதுன்னு ஒத்திகைகூடப் பார்த்தேன். நீங்க வந்து அருமைன்னீங்க. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப ஏன் ஒவ்வொரு தடவையும் கேட்டீங்க?”

“இன்னிக்காவது படிச்சிருக்க மாட்டீங்களான்னுதான்.”

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். பெஞ்ச் விஷயத்தில் ஆசிரியர் சொல்வதை இறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். அவரை உட்கார வைத்தோம். தலைவருக்கு மணி ஆகிவிட்டது, ஓட்டெடுப்பு நடத்தினார். வால்வுக்காரனைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லாததால் கடிகாரக் கடைக்காரனை எடுத்துக்கொண்டார்கள். மறக்கலாமா, கூடாதா? வந்திருந்த உறுப்பினர்களில் என்னைத் தவிர ஆறு பேரும் மறக்கக் கூடாது என்று கை தூக்கினார்கள். நான் நடுநிலை வகித்தேன். தீர்மான நோட்டில் ஆறாவது ஆளாக நான் இருக்கிறேன். அடுத்த மாதமே மறந்துவிட்டார்கள் என்பது வேறு.

கிளம்பும்போது மச்சான் துண்டுகளை ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கி, வரிசைப்படி அடுக்கி, என் கையில் கொடுத்தார். ஏழு துண்டு. “ரெண்டாவது துண்டு வந்ததும் சேர்த்துக்கோங்க. அதுலதான் குடியை விடறான்.”

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். படிக்காததை, பஸ் ஸ்டாண்டை, மருந்தை. சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை தண்ணீர் குடித்தேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை.

“தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“கையெழுத்துப் பிரதியை நான்தானே முதல்ல படிச்சேன். இரும்பு பெஞ்சா சிமெண்டான்னு அண்ணனுக்கு அப்பவே சந்தேகம். உங்ககிட்ட கேட்டுச் சொல்லுன்னார்.”

“ஏன் கேட்கலை?”

“நீங்கதான் மருந்துக் கடையில இருந்தீங்களே.”

திங்கட்கிழமை காலை கடை திறந்து விளக்குப் போடுவதற்குள் மச்சான் வந்துவிட்டார். பழுப்புக் காகிதத்தில் சுற்றிச் சணல் கட்டிய பெரிய கட்டு. மேசைமேல் வைத்தார். என் தலை தானாக இடப்பக்கம் போயிற்று. அவர் விரலை உயர்த்தினார், நிறுத்திக்கொண்டேன்.

“படிச்சுட்டு, தப்பெல்லாம் பென்சில்ல குறிச்சுக் கொடுங்க. அப்புறம்தான் அச்சுக்கு.”

“சரி மச்சான்.” கட்டைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். “இதுல நான் எத்தனாம் பக்கத்துல வர்றேன்?”

“நீங்க இதுல வரலை மாப்பிள்ளை.”

“வரவே இல்லையா?”

“ஒரு இடத்துலகூட இல்லை.”

பன்னிரண்டு வருடம் எழுதியிருக்கிறார், ஒரே ஊர், ஒரே குடும்பம், ஞாயிறு தவறாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. ஒரு வரிகூடவா தோன்றவில்லை? அவர் படியிறங்கித் தெருவைத் தாண்டுவதற்குள் சணலை அறுத்து, பென்சிலைக் கூர்சீவி, முதல் பக்கத்திலிருந்தே தப்புத் தேட ஆரம்பித்தேன்.